பெயர் சேர்க்கிறவன் பாடு

மென்பொருள் எழுதுகிறவனுக்குப் பாராட்டு, அதில் யார் யார் உழைத்தார்கள் என்று பெயர் சேர்க்கிறவனுக்குத் திட்டு. இந்த வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது நன்றாகவே புரியும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். எந்த வாய்க்காலில் என்றைக்குத் தண்ணீர் முறை என்று விவசாயிகளுக்குச் சொல்லும் இலவசச் செயலி ஒன்றைச் சிலர் சேர்ந்து, சம்பளமில்லாமல் செய்தோம். நான் தஞ்சாவூரில் உட்கார்ந்துகொண்டு, கறுப்புத் திரையில் ஒரு கட்டளை அடிப்பேன்: ஆளின் பெயர், அவர் செய்த வேலை. உடனே செயலியின் 'உழைத்தவர்கள்' பக்கத்தில் அவர் பெயர் வந்துவிடும். கேட்பதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது, பாருங்கள்!

மதகடியிலிருந்து ஒரு போன்

செயலியைச் சோதித்துப் பார்த்தவர் சீர்காழிப் பக்கத்து விவசாயி ராமமூர்த்தி. தண்ணீர் வந்துவிட்டது என்று செயலி சொல்லும். அவர் காய்ந்த மதகடியில் நின்று போன் போட்டு, வரவில்லை என்பார். குறுவைப் பருவம் முழுக்க இதே கதை. அவர் விடாமல் நச்சரித்ததால்தான் வாய்க்காலின் கோடியில் இருக்கும் கடைமடை வயல்களுக்கான கணக்கைச் சரிசெய்தோம். அப்படிப்பட்டவரைச் சும்மா விடலாமா? 'சோதனை' என்று போட்டு அவர் பெயரைச் சேர்த்து, பெருமையாகப் போன் செய்தும் சொன்னேன். செயலியைத் திறந்து பார்த்துக்கொண்டார். பிறகு கேட்டார்:

"பேரு வந்துருச்சு, சரி. தண்ணி எப்ப தம்பி வரும்?"

எல்லாம் பஷீர்

அடுத்த போன் முத்துப்பேட்டையிலிருந்து. நஸ்ரீன் என்ற பெண். கணவருக்கு சவூதியில் வேலை போய் ஊர் திரும்பிவிட்டார். இவருக்கு, வீட்டிலிருந்தே மொழிபெயர்க்கும் வேலைக்கு ஒரு சென்னைக் கம்பெனி நேர்காணல் வைத்திருந்தது. செய்த வேலையைக் காட்டு என்று கேட்டார்களாம். எங்கள் செயலியின் தமிழ் முழுவதும் நஸ்ரீன் செய்ததுதான். ஆனால் 'உழைத்தவர்கள்' பக்கத்தில் அவர் பெயரே இல்லை. இருந்தது பஷீர் பெயர்.

பஷீர் பாய் எங்களில் ஒருவர், அங்கே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தவர். நஸ்ரீன் அங்கே வேலை பார்த்தவர். நாங்கள் பயன்படுத்தும் கருவிக்கு, நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியாது. கம்ப்யூட்டரில் என்ன பெயர் பதிந்திருக்கிறதோ அதையே வேலையோடு ஒட்டி அனுப்பும். பாய் முதல் நாளே தன் பெயரைப் பதிந்துவிட்டார். கடையில் யார் தட்டினாலும் அது பஷீர் தட்டியதுதான். அதைப் பார்த்துத்தான் நானும் பக்கத்தில் அவர் பெயரைச் சேர்த்திருந்தேன். கடையில் எல்லாமே முதலாளி பெயரில் போவதுதானே வழக்கம்? யாருக்கும் அது உறுத்தவில்லை. நஸ்ரீன் சண்டைக்கு வந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். பாயை அண்ணன் முறையில் 'காக்கா' என்று சொல்லி, மெதுவாகத்தான் பேசினார்:

"பஷீர் காக்கா மேல தப்பு இல்ல சார். அப்ப எனக்குப் பேரு வேணும்னே தோணல. இப்ப வேணும்."

துபாயிலிருந்து பதில்

ஒருவர் பெயரில் இருக்கும் வேலையை அவரைக் கேட்காமல் மாற்றக் கூடாது என்பது எங்கள் விதி. பாய் கடையை மூடிவிட்டு, துபாயில் ஒரு ஆபீஸில் இருந்தார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்திருக்கும் நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். "ஆமா சார், தமிழ் பூரா நஸ்ரீன் செஞ்சதுதான்" என்று உடனே ஒப்புக்கொண்டார். அப்புறம் குரல் இறங்கியது. அதே பக்கத்தைக் காட்டித்தான் அவருக்கும் அங்கே வேலை கிடைத்திருக்கிறது. தமிழும் இவரே செய்தது என்று மேனேஜர் இன்னும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

எனக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. இவரும் பிள்ளைகுட்டிக்காரர். செயலியில் கணக்குப் பகுதியை எழுதியது நிஜமாகவே பாய்தான். அது அவர் பெயரிலேயே இருக்கும். தமிழ் மட்டும்தான் கைமாறும். ஆனால் மேனேஜர் மெச்சியது அந்தத் தமிழை ஆயிற்றே! யோசித்துச் சொல்லுங்கள் என்றேன். ஒரு பெருமூச்சு கேட்டது.

"யோசிக்க என்ன சார் இருக்கு, அந்தப் புள்ள பேரைப் போடுங்க. மேனேஜர் கேட்டா, நல்ல ஆளா பாத்து வேலைக்கு வச்சிருந்தேன்னு சொல்லிக்கிறேன்."

நஸ்ரீனுக்கு வேலை கிடைத்தது, பஷீர் பாய்க்கு வேலை போகவில்லை, தண்ணீர் வராததற்கான திட்டு மட்டும் இன்றுவரை சீர்காழியிலிருந்து எனக்கே வந்துகொண்டிருக்கிறது.