கேட்டுக்கு நாலு பூட்டு

அன்றைக்குக் கேட்டருகே நின்றவர்கள் இவர்கள்தான்: போன் போனதும் காஞ்சிபுரத்திலிருந்து பஸ் பிடித்து வந்த வீட்டு ஓனர்; சாவிக்குப் பொறுப்பான முதல் போர்ஷன் அக்கா; மூன்றாவது போர்ஷன் திருநெல்வேலிக்காரரின் மனைவி, இடுப்பில் கைக்குழந்தையோடு; கடைசி போர்ஷன் டெம்போ டிரைவர்; என் தங்கை; நான். அக்காவின் வீட்டுக்காரர் கோயிலுக்குப் போயிருந்தார். திருநெல்வேலிக்காரர் ஷிப்டுக்குப் போயிருந்தார். என் வீட்டுக்காரர் லோடு ஏற்றிக்கொண்டு பம்பாய்ப் பக்கம். நாலாவது போர்ஷன் காலி. இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், அன்று ஒவ்வொரு முகமாகப் பார்த்து, எனக்காகப் பேச இதில் யாராவது உண்டா என்று தேடினேன். யாரும் இல்லை.

சுங்குவார்சத்திரத்தில் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் இருந்தது அந்த லைன் வீடு. வரிசையாக ஐந்து போர்ஷன், ஒரு பைப், ஒரு பாத்ரூம், எல்லோருக்கும் ஒரே இரும்புக் கேட். தொண்ணூற்றொன்றாம் வருஷம். மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் வாடகைக்கு இருப்பவர்களை எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். போலீஸ் வந்து யார், எந்த ஊர், என்ன வேலை என்று கேட்டுக்கொண்டு போனது. அதன் பிறகு ஆடி மாதத்தில் எங்கள் கேட் சங்கிலியை யாரோ வெட்டி உள்ளே வந்து, பைப்படியில் இருந்த பித்தளை அண்டாவையும் டிரைவரின் ஸ்டெப்னி டயரையும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

நான் ஏழாவதோடு படிப்பை விட்டவள். பயம் மட்டும் குறைவில்லாமல் வாய்த்திருந்தது. ஸ்டவ்வை அணைத்துவிட்டுத் திரும்ப வந்து தொட்டுப் பார்ப்பேன். அண்டா போன பிறகு, படுக்கப் போகும் முன் கேட் வரை நடந்து பூட்டை இழுத்துப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. டிரைவர் என்னைப் பார்த்தால் சல்யூட் அடிப்பான். "யக்கா, கூர்க்காவுக்கு மாசம் இன்னா சம்பளம்?" என்பான்.

திருட்டுக்குப் பிறகு ஓனர் ஒரு சட்டம் போட்டார். ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை கேட் பூட்டு. ஒரு சாவி அவரிடம், ஒரு சாவி முதல் போர்ஷனில். ஆளுக்கொரு சாவி கேட்டோம். "இன்னிக்கு இருப்பீங்க, நாளைக்குக் காலி பண்ணுவீங்க. என் கேட்டு சாவி ஊரெல்லாம் சுத்தும். அப்புறம் அதுக்குப் பேரு பூட்டா?" என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. நானே அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் என் தங்கைக்கு அப்போதுதான் ஹைவே மேல் ஒரு ஷூ கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. ட்ரெய்னி. ஆறு மாதம் ஒழுங்காக வந்தால் பெர்மனண்ட். ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குக் கம்பெனி வேன் ஐந்தேகாலுக்கே பஸ் ஸ்டாப்பில் வந்து நிற்கும், யாருக்காகவும் காத்திருக்காது. எங்கள் அம்மா அப்பா போன பிறகு என் வீட்டோடு வந்து சேர்ந்தவள் அவள். அவள் சம்பளத்தில்தான் அவளுக்கு ஒரு வாழ்க்கை அமைய வேண்டும். அந்த வேனுக்கும் அவளுக்கும் நடுவில் அக்காவின் தூக்கம் இருந்தது.

அக்காவைக் குறை சொல்ல மனசு வரவில்லை. விடியற்காலை நாலரைக்குத் திருநெல்வேலிக்காரர் தட்டுவார். ஐந்துக்கு என் தங்கை தட்டுவாள். டெம்போக்காரன் வரும் நேரம் அவனுக்கே தெரியாது. சாவி வைத்திருப்பதும் ஒரு ஷிப்டுதான். அதற்குச் சம்பளமும் கிடையாது. ஒரு நாள் அக்கா எழுந்திருக்கவே இல்லை, வேன் போய்விட்டது. இன்னொரு நாள் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு கல்யாணத்துக்குப் போய்விட்டார். தங்கை கேட் ஏறிக் குதித்தாள். மேலே இருந்த ஈட்டிக் கம்பியில் தாவணி முழ நீளம் கிழிந்ததுதான் மிச்சம், அன்றும் வேன் போயிருந்தது. சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்: "இன்னொரு தபா வேன் வுட்டா, அப்படியே வூட்லயே இரும்மா."

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியும்போதுதான் அது நடந்தது. அக்கா பால் வாங்கச் சாவியோடு வந்தார். கேட் திறந்து கிடந்தது. பூட்டு மட்டும், பூட்டியது பூட்டியபடியே, சங்கிலியின் ஒரு நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஓனர் வந்து அந்தப் பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உடைக்கவில்லை, நெம்பவில்லை.

"யாரோ கள்ளச் சாவி போட்டுத் தொறந்துட்டு, அவசரத்துல ஒரு பக்கம் மாட்டிப் பூட்டியிருக்காங்க" என்றார்.

அக்கா என் தங்கையைப் பார்த்தார். "சாவி வேணும் சாவி வேணும்னு ஒத்தக் கால்ல நின்னது யாரு? சைக்கிள் கடையில ரெண்டு ரூபா குடுத்தா எத வேணா ராவிக் குடுக்குறான்."

"எனக்கு இன்னிக்கு லீவுக்கா. நான் எதுக்குத் தொறக்கப் போறேன்?"

"சாவி சேருதான்னு பாக்கறதுக்கு!"

"உங்க வீட்டுல எப்பம் போனாரும்மா?" என்று ஓனர் திருநெல்வேலிக்காரரின் மனைவியைக் கேட்டார், அவர்கள் ஊர்ப் பேச்சையே கிண்டலாகப் பிடித்துக்கொண்டு.

"பிள்ள ராத்திரி பூரா அழுதுட்டுக் கெடந்துச்சு. அவிய போனதே எனக்குத் தெரியாது."

"எங்கிட்ட சாவி கேட்டுத் தட்டவே இல்லியே. அவரு போறப்பவே தொறந்துதான் இருந்திருக்கும்" என்று அக்கா முடித்துவிட்டார்.

ஓனர் என் பக்கம் திரும்பினார். "பாரும்மா, இது கெட்ட நேரம். போலீஸ்காரன் வந்து நின்னா நான்தான் பதில் சொல்லணும். இந்த மாசக் கடைசிக்குள்ள வேற இடம் பார்த்துக்குங்க."

வேறு இடம் என்றால் படப்பை பக்கமோ சேரப்பணஞ்சேரியோ போக வேண்டும். அங்கே இந்த வேன் வராது. தங்கை அழக்கூட இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

"நேத்து ராத்திரி அந்தச் சங்கிலியில ரெண்டு பூட்டு இருந்துச்சுங்க" என்றேன்.

"இன்னா உளர்றே?" என்றார் அக்கா.

உளறவில்லை. நான் தொட்டுப் பார்த்திருந்தேன். திருடன் வெட்டிய பிறகு மிச்சமிருந்த சங்கிலி கட்டையாகிவிட்டது. அதுவரை இழுத்துப் பிடித்துத்தான் பூட்டினோம்; இப்போது கேட்டும் தொய்ந்துவிட்டதால் இரண்டு நுனியும் எட்டவில்லை. முந்தின நாள் கடைசியாக உள்ளே வந்த திருநெல்வேலிக்காரரிடம் அக்கா பூட்டையும் சாவியையும் கொடுத்து, "நீயே பூட்டிட்டுக் குடுப்பா" என்று அனுப்பியிருந்தார். படுக்கும் முன் நான் போய் இழுத்தபோது, ஒரு நுனியில் வீட்டுப் பூட்டும் மறு நுனியில் வேறொரு பூட்டும், ஒன்றின் வளையத்துக்குள் ஒன்றாகக் கோத்துக் கிடந்தன. எட்டாத இடத்துக்கு அவர் தன் பூட்டை வைத்து இட்டு நிரப்பியிருக்கிறார். இரண்டு பூட்டு இருக்கிறதே என்று நான் நிம்மதியாகத் தூங்கினேன். அப்போது அதற்கு மேல் யோசிக்கவில்லை.

சொன்னால் யாரும் நம்பவில்லை. உள்ளே ஓடி என் டிரங்குப் பெட்டியின் பூட்டைக் கழற்றிக்கொண்டு வந்தேன். அவசரத்தில் இரண்டு முறை கீழே விழுந்தது. டிரைவர் எடுத்துக் கொடுத்து, "கூர்க்கா டியூட்டில கீது, யாரும் சிரிக்காதீங்க" என்றான்.

வீட்டுப் பூட்டைச் சங்கிலியின் ஒரு நுனியில் மாட்டி அக்காவையே பூட்டச் சொன்னேன். அதன் வளையத்தையும் மறு நுனியையும் சேர்த்து என் பூட்டைப் போட்டேன். "இழுத்துப் பாருங்க சார்" என்றேன். இழுத்தார். கேட் அசையவில்லை. அப்புறம் என் சாவியால் என் பூட்டை மட்டும் திறந்தேன்.

கேட் திறந்துகொண்டது. வீட்டுப் பூட்டு, பூட்டியது பூட்டியபடியே, சங்கிலியில் தொங்கியது. காலையில் அக்கா பார்த்தது எப்படியோ அப்படியே.

"திருநெல்வேலிக்காரரு தன் பூட்டத் தொறந்து எடுத்துகினு போயிட்டாரு" என்றான் டிரைவர். "அடேங்கப்பா. இத்தினி நாளா நாமெல்லாம் அக்கா ஜன்னல்ல தட்டிகினு இருந்தோமே!"

ஓனர் மட்டும் இன்னும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டிருந்தார். "அப்போ இந்தம்மா சாவி போட்டாலும் திறக்கும், உன் சாவி போட்டாலும் திறக்கும். ரெண்டுல எது?"

"எது வேணாலும் சார். அவங்கவங்க பூட்டு, அவங்கவங்க சாவி. உங்க சாவிய யாரும் தொட வேணாம். காலி பண்ணும்போது பூட்டக் கழட்டி எடுத்துகிட்டுப் போயிடுவாங்க. ஊர்ல எதுவும் சுத்தாது."

இதைச் சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. எதற்கெடுத்தாலும் என்ன ஆகுமோ என்றே வாயைத் திறப்பவள் நான்.

மூன்று மணிக்குத் திருநெல்வேலிக்காரர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். எல்லோரும் கேட்டில் நிற்பதைப் பார்த்து, வீட்டில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டதென்று முகம் வெளுத்துவிட்டது. விஷயத்தைச் சொன்னதும், "ஏ, அது கம்பெனி லாக்கர் பூட்டுல்லா! அங்க மாட்டாட்டி என் டிபனை எவனாச்சும் தின்னுருவான். ஷிப்டுக்கு நேரமாச்சுன்னு எடுத்துட்டுப் போயிட்டேன்" என்றார். கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போனதற்கு அவர் மனைவி எல்லோர் எதிரிலும் அவரைப் பிடி பிடி என்று பிடித்தாள். அக்கா என் தங்கையிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அன்று மாலை ஒரு கிண்ணத்தில் சுண்டல் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். எனக்கு அது போதும்.

அன்று ராத்திரியிலிருந்தே, குடியிருந்த நாலு போர்ஷனுக்கும் நாலு பூட்டு. ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்து, சங்கிலிக்கு நடுவே நாலு பூட்டுக் கண்ணி. யார் எந்தப் பூட்டைத் திறந்தாலும் வழி; திரும்ப மாட்டும்போது இரண்டு பக்கத்துப் பூட்டையும் தன் பூட்டுக்குள் வாங்கிக்கொண்டு மாட்ட வேண்டும். அது மட்டும்தான் சட்டம். மூன்றாம் நாளே டிரைவர் பக்கத்துப் பூட்டை விட்டுவிட்டு அதற்கடுத்ததில் மாட்டிவிட்டான். தன் பூட்டைத் திறந்தும் கேட் திறக்காமல், திருநெல்வேலிக்காரர் வெளியே நின்றுகொண்டு, "எலே, என் பூட்டு தனியா ஊஞ்சல் ஆடுதுலே!" என்று கத்தினார்.

அவரை விட எனக்கு டிரைவரின் பூட்டுதான் கவலை. அவன் மாட்டியிருந்தது சூட்கேஸுக்குப் போடுகிற தகரப் பூட்டு. அதை ஒருவன் கல்லால் ஒரு தட்டுத் தட்டினால் மற்ற மூன்று பூட்டும் இருந்தும் என்ன பயன்? என் வீட்டுக் கதவு பத்திரமாக இருப்பது அவன் வாங்கும் பூட்டில் இருக்கிறது என்பதை நினைத்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அவனிடம் சொன்னேன். "என் வூட்ல திருட இன்னா கீது யக்கா? அழுக்கு லுங்கியா?" என்றான். கடைசியில் நானே ஹார்டுவேர் கடைக்குப் போய், கடைக்காரர் எரிச்சல்படும் வரை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, கனமான பித்தளைப் பூட்டு ஒன்று வாங்கி வந்து அவன் கையில் கொடுத்தேன். முப்பத்தெட்டு ரூபாய். மாதா மாதம் ஐந்து ஐந்தாகத் தருவதாகச் சொன்னான்.

பூட்டு மாட்டிய மறுநாள், திங்கட்கிழமை விடியற்காலை, என் தங்கை யாரையும் எழுப்பவில்லை. நான் மட்டும் கேட் வரை போனேன். அவள் தன் சாவியால் திறந்து, வெளியே போய், கம்பிக்குள் கையை விட்டு நிதானமாகத் திரும்பக் கோத்துப் பூட்டினாள். வேன் ஹாரன் அதற்கப்புறம்தான் கேட்டது. "இழுத்துப் பாரேன்" என்று சிரித்துவிட்டு ஓடினாள். இழுத்துப் பார்த்தேன். அதன் பிறகு ஒரு நாள்கூட அவள் வேனை விடவில்லை. ஆறு மாதம் முடிந்து பெர்மனண்ட் ஆர்டர் கையில் வந்த அன்று, முதல் லட்டை அக்காவுக்குக் கொடுக்கச் சொன்னேன். அக்கா வாயில் லட்டோடு, "எனக்கும் இப்பதான் ராத்திரில தூக்கம்னு ஒண்ணு கீது" என்றார். பொங்கலுக்குள் எங்கள் தெருவில் இன்னும் இரண்டு காம்பவுண்டில் அதே மாதிரி பூட்டுகள் தொங்கின. எங்கள் ஓனர் அங்கெல்லாம் போய், இது தன் யோசனை என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தக் கேட்டில் அப்புறம் யாரும் கை வைக்கவில்லை.

டிரைவர் மூன்று மாதம் ஒழுங்காக ஐந்து ஐந்து ரூபாய் கொடுத்தான். பிறகு சேரப்பணஞ்சேரிப் பக்கம் வேலை கிடைத்துக் காலி செய்தான். போகும்போது, "உன் சட்டந்தானே யக்கா, அவங்கவங்க பூட்டு அவங்கவங்களோட" என்று பித்தளைப் பூட்டைக் கழற்றி டெம்போவில் போட்டுக்கொண்டு, சல்யூட் அடித்துவிட்டுப் போய்விட்டான். என் வாயால் சொன்னது, மறுத்துப் பேச முடியவில்லை. பாக்கி இருபத்து மூன்று ரூபாய்.