ஐந்து ஊர் அரிசி

கவரைப்பேட்டை மேம்பாலத்துக்குக் கீழே ஒரு டீக்கடை இருக்கிறது. காலையில் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து வீட்டிலிருந்து அந்தக் கடை வரை நடக்கிறேன். ஒரு டீ, ஒரு மசால்வடை. திரும்பும்போது ஷேர் ஆட்டோ. நடந்து கரைத்ததை வடையில் ஏற்றிக்கொண்டு வருகிறேன் என்று மனைவி சொல்கிறாள். உண்மைதான். எழுபத்தைந்தைத் தாண்டிய பிறகு கரைத்து என்ன ஆகப்போகிறது, சொல்லுங்கள்.

போன வாரம் அந்தக் கடை வாசலில் ஒரு குடும்பம் வந்து நின்றது. அப்பா, அம்மா, கல்லூரி வயதில் ஒரு மகள். மூன்று பேரும் சைக்கிளில். ஒரே மாதிரி பச்சை பனியன், தலையில் தொப்பி, பின்னால் தண்ணீரும் வாழைப்பழமும் ஏற்றிய வேன். கல்கத்தா வரை சைக்கிளிலேயே போகிறார்களாம். மகள் என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தாள். பார்க்கின்சன் நோய்க்காக, அதுதான் நடுக்குவாதம் என்போமே, அதற்காக ஊர் ஊராக நிதி திரட்டுகிறார்கள். வீட்டில் யாருக்காவது உண்டா என்று கேட்டேன். அப்பாவைக் காட்டினாள். அவர் சீட்டிலிருந்து இறங்காமல் ஒரு காலைக் கடைத் திட்டில் ஊன்றிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். வேன்காரப் பையன் ஒரு ட்யூபுக்கு ஒட்டுப் போட்டான். சொல்யூஷன் வாசனை கும்மென்று வந்தது.

அவர்கள் கிளம்பியதும் கடைக்காரர் என்னிடம் சொன்னார். "நோயாம் சார். சைக்கிள் இன்னா ஷோக்கா உடறாரு பாத்தீங்களா."

எனக்குச் சுருக்கென்றது. அந்த மனிதரிடம் நான் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. அன்று உயர்த்திவிட்டேன். பாவம், ஐம்பது வருஷமாக யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் வைத்திருந்த கோபம் அவர் தலையில் விழுந்தது. அதைச் சொல்லத்தான் உங்களிடம் ஆரம்பித்தேன். சொல்லி முடிப்பேனா தெரியாது, இப்போதெல்லாம் பாதியிலேயே அலுத்துவிடுகிறது.

என் அப்பா நெல் தரகர். நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஆரம்பாக்கம் பக்கம் பாதி வீடுகளில் அப்பா நைனாதான். களத்துக்குக் களம் சைக்கிளில் போய், மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி அள்ளி, ஒரு நெல்லைப் பல்லில் கடித்துப் பார்ப்பார். 'டக்' என்று உடைந்தால் காய்ந்த நெல், மில்லுக்குப் போகலாம். நசுங்கினால் இன்னும் இரண்டு நாள் வெயில் வேண்டும். அவர் சட்டைப் பையில் எப்போதும் உமி இருக்கும். அம்மா துவைக்கும்போது திட்டிக்கொண்டே உதறுவாள். எனக்குக் கவரைப்பேட்டை பக்கத்து ரைஸ் மில்லில் கணக்குப்பிள்ளை வேலை கிடைத்ததுகூட அவர் முகத்துக்காகத்தான். என் கணக்கு எந்த லட்சணம் என்று மில் முதலாளிக்கு ஒரே மாதத்தில் தெரிந்துவிட்டது.

ஐம்பது வயது ஆகுமுன்னே நைனாவின் வலது கை ஆட ஆரம்பித்தது. விளக்குத் திரி திரிப்பதுபோலக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சும்மா இருக்கும்போதே திரித்துக்கொண்டிருக்கும். பிறகு கால். நடக்க நினைப்பார்; பாதம் தரையை விட்டு எழும்பாது. வாசற்படிக்கு நேரே வந்து அப்படியே நின்றுவிடுவார். பிறகு குரல் இறங்கியது. கடைசியாக முகம். சிரிப்பு, கோபம், ஆச்சரியம் எதுவும் அதில் வருவதில்லை. கல்யாண வீட்டில் வாங்க வாங்க என்றவர்களைப் பார்த்து முகம் மலரவில்லை என்று, நெல் தரகருக்குத் திமிர் ஏறிவிட்டது என்றார்கள்.

அதைவிடக் கொடுமை இன்னொன்று. அப்போது நம் பக்கம் மதுவிலக்கு. எங்கள் ஊரிலிருந்து மாநில எல்லை கூப்பிடு தூரம். எல்லைக்கு அந்தப் பக்கம் போய்க் குடித்துவிட்டு வருகிற ஆட்கள் ஊருக்கு ஊர் உண்டு. ஆரம்பாக்கத்து ஆள் கை நடுங்கித் தள்ளாடினால் உலகம் வேறு என்ன நினைக்கும்? கள்ளை மோந்துகூடப் பார்க்காத மனிதர். மில்காரர்கள் ஒவ்வொருவராக அவரைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள்.

ஒருநாள் நான் மில்லிலிருந்து வந்து நைனாவின் சைக்கிளைச் சாத்தும்போது அவர் வாசலில் நின்றுபோயிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. சைக்கிளைக் கண்ணால் காட்டினார். எனக்கு என்ன தோன்றியதோ, அவரைத் தூக்கி சீட்டில் உட்காரவைத்துப் பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளினேன். போய்விட்டார். அந்த நோய் பிடித்த கால் பெடலில் ஏறியதும் பழைய காலாகிவிட்டது. நான் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். ஏரிக்கரையை மூன்று சுற்று சுற்றினார். சந்தோஷத்தில் என்று நினைத்தேன். இல்லை, நிறுத்தி இறங்கத் தெரியாமல் சுற்றியிருக்கிறார். நான்தான் குறுக்கே போய் ஹாண்டில்பாரைப் பிடித்தேன். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது: ஏற்றிவிட ஒரு ஆள், பிடித்து இறக்க ஒரு ஆள், நடுவில் எத்தனை மைல் வேண்டுமானாலும் போவார். எப்படி என்று கேட்காதீர்கள். பின்னால் பார்த்த டாக்டருக்கே ஆச்சரியம்.

அம்மாவுக்கு இதில் சந்தோஷம் இல்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, அவர் தரையில் நடக்க வேண்டும். நாலு பேர் பார்க்க ஊருக்குள் நடந்து, குடிகாரன் என்று சொன்னவர்கள் வாயை அடைக்க வேண்டும். திருவள்ளூர் வைத்திய வீரராகவருக்கு வேண்டிக்கொண்டாள். நம்மைத் தெரியாத ஐந்து ஊரில் மடிப்பிச்சை எடுத்து, அந்த அரிசியோடு அமாவாசைக்குக் கோயிலுக்கு வருகிறோம் என்று. மடிப்பிச்சை உங்களுக்குத் தெரிந்திருக்கும். வசதி உள்ளவர்களும் வேண்டுதல் என்றால் மஞ்சள் துணி உடுத்திக் கையேந்துவார்கள், கர்வம் கரையட்டும் என்று. ஊருக்கு ஒரு பிடி போதும், ஆனால் ஐந்து ஊரும் கொடுக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் பெருமாள் கணக்கில் எடுக்கமாட்டார் என்று திடமாக நம்பினாள்.

பஸ் படியில் நைனாவின் கால் ஏறாது. பின்னால் நிற்பவர்கள் கத்துவார்கள். ரயில் படி இன்னும் உயரம். ஆகவே சைக்கிள். நைனா அவருடைய பழைய வண்டியில். கும்மிடிப்பூண்டியில் எடுத்த வாடகை சைக்கிளில் நான், பின் காரியரில் அம்மா. வாடகை வண்டியின் ட்யூபில் எத்தனை ஒட்டு இருந்ததோ, வழியெல்லாம் சொல்யூஷன் வாசனை. மூவரும் மஞ்சள் துணியில். நினைத்தால் இப்போதுகூடச் சிரிப்பு வருகிறது, மிதித்த தொடை வலியும் கூடவே வருகிறது. அம்மா கனமானவள்.

கவரைப்பேட்டை வரை தெரிந்த முகங்கள். அங்கே மேற்கே திரும்பியபிறகுதான் தெரியாத ஊர்கள். நான் முன்னால் போய் என் வண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து நைனாவின் ஹாண்டில்பாரைப் பிடிப்பேன். அவர் சீட்டிலேயே இருப்பார். அம்மா வாசலுக்குப் போய் மடியை ஏந்துவாள்.

முதல் ஊரில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். "மடிப்பிச்சைன்னா நடந்து வருவாங்க. கால் வர்லன்றீங்க, இந்தாளு வாலிபப் புள்ள மாரி சைக்கிள் மிதிச்சிக்கினு வர்றாரு. யார்கிட்ட சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டு, கையிலிருந்த அரிசியோடு உள்ளே போய்விட்டாள். அடுத்த ஊரில் டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் நைனாவின் கையைப் பார்த்தார்கள். எல்லைக்கு அந்தாண்ட போய்வந்த கை என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஊரிலும் ஒரு மணி அரிசி விழவில்லை.

அம்மா புளியமரத்தடியில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு இருபத்திரண்டு வயது. பசி, வெயில், தொடை வலி, சிரித்தவர்கள் மேல் ஆத்திரம். அடுத்த ஊரில் ஒரு ஓட்டு வீட்டு வாசலில் நிறுத்தினோம். அவர்களும் அதே கேள்வியைக் கேட்டார்கள். நான் நைனாவைப் பார்த்துச் சொன்னேன்.

"எறங்கு நைனா."

அவர் என்னைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. விரல்கள் மட்டும் வேகமாகத் திரித்தன.

"எறங்குன்றேன். பாக்கட்டும்."

இடுப்பில் கைகொடுத்து இறக்கிவிட்டு, வண்டியைத் தள்ளி நிறுத்திக்கொண்டு, நான் விலகிக்கொண்டேன். விலகினேன், கேட்டீர்களா. நைனா தெருப்புழுதியில் ஆணி அடித்ததுபோல நின்றார். முன்னால் சாய்ந்தார். பாதங்கள் இருந்த இடத்திலேயே பொடிப்பொடியாக நடுங்கின, ஓரடி நகரவில்லை. தெருவில் இருந்தவர்கள் எல்லாம் வந்து பார்த்தார்கள். அந்த வீட்டு அம்மாள் "ஐயோ பாவமே" என்று ஓடிப்போய் ஒரு படி அரிசியைக் கொண்டுவந்து அம்மாவின் மடியில் கொட்டினாள். எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது.

பிறகு வழி தெரிந்துவிட்டது அல்லவா. நாலாவது, ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது. எந்த ஊரிலும் கேள்வி கேட்கும்வரை நான் காத்திருக்கவில்லை. போனதும் இறக்கிவிட்டேன். ஒரு ஊரில் பிள்ளைகள் அவரைப்போல நின்று காட்டிச் சிரித்தார்கள். பெரியபாளையத்தில் ராத்தங்கி, மறுநாள் காலையில் கடைசி ஊர். அங்கே நான் விலகியதும் நைனா குப்புற விழுந்தார். முழங்காலில் தோல் உரிந்து மஞ்சள் வேட்டியில் ரத்தம். போதும்டா, போலாம்டா என்று அம்மா கெஞ்சினாள். அஞ்சு ஊர் என்று நீதானே வேண்டிக்கொண்டாய் என்று அவளிடம் எரிந்து விழுந்தேன். தூக்கி நிறுத்தியபோது நைனாவின் முகத்தைப் பார்த்தேன். எப்போதும்போலத்தான் இருந்தது. அவருக்கு ஒன்றும் இல்லை, அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், சத்தியமாக.

திருவள்ளூரில் அமாவாசைக் கூட்டம். அம்மா அரிசியைக் கோயிலில் சேர்த்து, நோய் கரையட்டும் என்று குளத்தில் வெல்லம் கரைத்து, அந்தத் தண்ணீரை நைனாவின் தலையில் தெளித்தாள். அவர் நடக்கவில்லை. அங்கிருந்தே அவர் காலைப் பார்க்க ஆரம்பித்தவள், பிறகு பல வருஷம் தினமும் காலையில் எழுந்ததும் அதைத்தான் பார்த்தாள்.

திரும்பும் வழியில் நைனா எந்த ஊரிலும் நிறுத்தவில்லை. தண்ணீர் குடிக்கலாம் என்று கத்தினேன், தலையை ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். ஆற்றங்கரையில், ஆள் அரவம் இல்லாத இடமாகப் பார்த்து, வண்டியை மணலில் விட்டார். சக்கரம் புதைந்து தானாக நின்றது. அங்கேதான் தண்ணீர் குடித்தார். என்ன மூளை என்று வியந்தேன். அதை மில்லில் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன், எங்க நைனா திருவள்ளூரிலிருந்து ஒரு ஊரில்கூடக் கால் ஊன்றாமல் வந்தார் என்று.

இரண்டு மூன்று வருஷம் கழித்து மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். புதிதாக வந்த மாத்திரை என்று ஒன்று கொடுத்தார்கள். அது கேட்டது. ஒரே மாதத்தில் விரல் அடங்கியது, குரல் எழுந்தது, கூடத்துக்குள் நாலு அடி வைத்தார். அம்மா வீரராகவருக்குத்தான் நன்றி சொன்னாள். முகமும் திரும்பியது. கட்டிக்கொடுத்திருந்த என் தங்கச்சியின் குழந்தையைப் பார்த்து அவர் சிரித்தபோது எங்களுக்கு அவர் சிரிப்பே புதிதாக இருந்தது.

ஒரு சாயங்காலம் சைக்கிளில் வந்தவரை வீட்டு வாசலில் பிடித்தேன். எதிர்வீட்டில் நாலைந்து பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். வழக்கம்போல எதையோ நினைத்துக்கொண்டு, "எறங்கு நைனா" என்றேன்.

அவர் முகம் அப்படியே சுருங்கியது. கண் எதிர்வீட்டுக்குப் போய், என்னிடம் வந்து, கெஞ்சியது. அடிக்கப்போகிறவனைப் பார்ப்பதுபோல என் அப்பா என்னைப் பார்த்தார்.

"வேணாம்டா. அவுங்கல்லாம் இருக்காங்க," என்றார்.

ஐந்து ஊரிலும் உள்ளே இந்த முகம்தான் இருந்திருக்கிறது. வெளியே வர வழியில்லாமல் இருந்திருக்கிறது. சீட்டிலேயே இருக்கவைத்து வண்டியோடு தள்ளிக்கொண்டு பின்கட்டுக்குப் போய் இறக்கினேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன், மறுநாளும் நினைத்தேன். அப்பாவிடம் போய் மகன் மன்னிப்புக் கேட்கிற வழக்கமெல்லாம் எங்கள் வீட்டில் இல்லை. எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. கொஞ்ச வருஷத்தில் மாத்திரை அவருக்குக் கேட்பதை நிறுத்தியது. முதலில் போனது முகம். அதற்குப் பிறகு கேட்டிருந்தாலும் மன்னித்தாரா இல்லையா என்று எனக்குத் தெரிந்திருக்காது. பிறகு சைக்கிளும் முடியாமல் போய், பிறகு அவரும் போய்விட்டார்.

நேற்று மகனிடம் சொல்லிக் காரில் அந்தச் சாலையில் போனேன். அந்த ஐந்து வாசல்களில் ஏதாவது ஒன்றின் முன்னால் இறங்கிக் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும், அவ்வளவுதான். சாலையை அகலப்படுத்தியதில் புளியமரங்கள் இல்லை, ஓட்டு வீடுகள் இல்லை. இரண்டு பக்கமும் கம்பெனிச் சுவர்களும் லாரிகளும். எங்கே நிறுத்துவது என்று மகன் இரண்டு மூன்று முறை கேட்டான். கொஞ்சம் போகட்டும், கொஞ்சம் போகட்டும் என்று சொல்லிக்கொண்டே திருவள்ளூர் வரை போய், எங்கும் இறங்காமல் திரும்பி வந்துவிட்டேன்.