பாதுகாப்புக் குழுவில் ஓர் ஆயாம்மா

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இரண்டு பெயர். குழந்தைகளுக்கு ஆயாம்மா, டீச்சர்களுக்கு ரேடியோ. காலையில் கேட்டைத் திறக்கும்போது ஆரம்பிக்கிற பேச்சு, கடைசி வேன் கிளம்பிய பிறகுதான் ஓயும். வாந்தி எடுத்த பிள்ளைக்கு முகம் கழுவும்போதும் பேச்சு, கழிப்பறைக்குப் பினாயில் ஊற்றும்போதும் பேச்சு. ஆள் கிடைக்காவிட்டால் துடைப்பத்தோடு பேசுவாள். "இந்த வாய் மட்டும் இல்லேன்னா உன்னை நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்" என்பார் தையல்காரப் புருஷன்.

அப்பேர்ப்பட்ட வாய்க்காரி மூன்று வாரமாக ஒரே ஒரு விஷயத்தை மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் கிடந்தாள்.

இரண்டாம் வகுப்புப் பெண் குழந்தை ஒன்று. ஷூ லேஸ் அவிழ்ந்து நின்றது. குனிந்து கட்டிக்கொண்டிருந்தவளின் காதருகே வந்து சொன்னது:

"ஆயாம்மா, டிராயிங் சார் எல்லாரையும் அனுப்பிட்டு என்னை மட்டும் இருக்கச் சொல்றாரு. கதவைச் சாத்திடுறாரு. எனக்குப் பிடிக்கல. நீங்க யார்கிட்டயாவது சொல்றீங்களா?"

சொல்கிறேன் என்று குழந்தையின் தலையில் கை வைத்துச் சொன்னாள். ஈரக் கையைக்கூடத் துடைக்காமல் நேரே பெரிய டீச்சர் அறைக்கு ஓடினாள். தலைமையாசிரியையை அங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அந்தம்மா முழுவதையும் கேட்டார். பிறகு, டிராயிங் மாஸ்டர் தாளாளரின் தங்கை வீட்டுக்காரர் என்பதை நினைவூட்டினார். சின்னப் பிள்ளைகள் எதையாவது சொல்லும், நான் பார்த்துக்கொள்கிறேன், அதுவரை வெளியே மூச்சு விடாதே என்றார். கடைசியில், "உன் பொண்ணு இந்த வருஷம் இங்கதானே பப்ளிக் எக்ஸாம் எழுதுறா?" என்று அன்பாக விசாரித்தார். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்றால் இதுதான். பள்ளியே இலவசமாகப் படிக்க வைக்கிற பெண்.

சரி, வாயைக் கட்டிப்போட்டாயிற்று, கை இருக்கிறதே. புதன்கிழமை டிராயிங் வகுப்பு முடிகிற நேரம் பார்த்து, அந்த அறை வாசலில் வாளியை டமார் டமார் என்று வைத்துப் பெருக்கினாள். அடுத்த புதன், ஜன்னல் துடைக்கணும் சார் என்று கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளேயே போனாள். அதற்கடுத்த புதன் மத்தியானம் அவளுக்கு மொட்டைமாடியில் வேலை போட்டுவிட்டார்கள். குழந்தையின் அம்மாவிடமே சொல்லிவிடலாம் என்றால், அது வேனில் வந்து வேனில் போகிற பிள்ளை. வேன்காரரிடம் வீடு எங்கே என்று கேட்டாள். அவர் அதைப் போய் ஆபீஸில் சொல்லிவைத்தார். நல்ல மனுஷன்!

அப்போதுதான் ஆய்வு வருகிறது என்ற செய்தி வந்தது. வேறெங்கோ ஒரு பள்ளியில் ஏதோ நடந்து, பேப்பரில் நாறி, எல்லாப் பள்ளிகளிலும் குழந்தைப் பாதுகாப்பு எப்படி இருக்கிறது, நிர்வாகம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க அரசாங்கம் ஆள் அனுப்பியது. பள்ளிக்கூடம் பட்ட பாடு இருக்கிறதே! புகார்ப் பெட்டி ஒன்று புதிதாக முளைத்தது. கடைக்காரன் ஒட்டிய விலைச் சீட்டு அதில் அப்படியே இருந்தது. யார் என்ன கேட்டாலும் "குறை ஒண்ணும் இல்லைங்க" என்று சொல்ல ஊழியர்களுக்குப் பயிற்சி நடந்தது. அவளும் கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிக் காட்டினாள். உள்ளுக்குள்ளே, தெய்வமே கேட்டைத் திறந்துகொண்டு வருகிற மாதிரி இருந்தது அவளுக்கு.

ஆய்வுக்கு வருகிறவர்களிடம் சொல்லிவிடப் போகிறேன் என்று வீட்டில் சொன்னதும் புருஷன் மெஷினை நிறுத்தினார்.

"பொண்ணு பரீட்சை முடியட்டுமே."

"அதுவரைக்கும் புதன்கிழமை வராதா?" என்றாள் அவள். அவர் மறுபடி மெஷினை மிதிக்கவில்லை.

ஆய்வன்று அதிகாரியம்மா கை கழுவ வந்தபோது, துண்டை நீட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை. அந்தம்மாவின் முகம் மாறியது. நல்ல மனசுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் என்ன செய்தார்? விதிப்படி செய்தார். அவளைக் கையோடு பெரிய டீச்சர் அறைக்கே கூட்டிக்கொண்டு போனார்.

"இந்த மாதிரிப் புகாரை முதல்ல ஸ்கூல் பாதுகாப்புக் குழுவுலதான் கொடுக்கணும். உங்க குழுவுல புகார் வாங்குற பொறுப்பு யாருக்கு?"

பெரிய டீச்சர் சுவரில் மாட்டியிருந்த போட்டோவைக் காட்டினார். ஐந்து பேர் நாற்காலியில். ஓரத்து நாற்காலியின் நுனியில் ஆயாம்மா. அவளுக்கு நேர் கீழே 'புகார் பெறும் உறுப்பினர்' என்று எழுதியிருந்தது.

போன வருஷம் எடுத்தது. குழுவில் ஆசிரியர் அல்லாத ஊழியர் ஒருவர் வேண்டும் என்று விதி. வா, வந்து உட்கார் என்றார்கள். பழக்கதோஷத்தில் ஐந்து நாற்காலியையும் துடைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். போட்டோ எடுத்ததும் எழுந்து டீ கொடுத்தாள். என்ன குழு, எதற்கு, ஒருத்தரும் சொல்லவில்லை. தாளாளரோடு சரிசமமாக உட்கார்ந்தேன் என்று வீட்டில் ஒரு வாரம் பேசியதோடு சரி.

"அப்போ நீங்கதான் புகார் வாங்க வேண்டியவங்க" என்றார் அதிகாரியம்மா. "மூணு வாரமா உங்களுக்குத் தெரியும். ஏன் ஒண்ணும் செய்யல?"

"அன்னைக்கே பெரிய டீச்சர்கிட்ட சொன்னேங்க."

"என்கிட்ட எதுவும் வரலையே மேடம்" என்றார் பெரிய டீச்சர். "இவங்க நாள் பூரா பேசிட்டே இருப்பாங்க. எதைன்னு காதுல வாங்குறது?"

எய்தவன் இருக்க அம்பை நோவது என்பது பழமொழி. இங்கே தடுக்க ஓடியவள்மேல் அம்பு எய்த பழி. அடிப்பாவி என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கையில் இருந்த துண்டைத்தான் முறுக்கினாள்.

அறிக்கையில் இரண்டு விஷயம் எழுதினார்கள். புகார் வாங்கும் உறுப்பினர் கடமை தவறிவிட்டார். மாஸ்டரிடம் பள்ளி நிர்வாகமே விளக்கம் வாங்கி, பெற்றோருக்கும் தெரிவிக்க வேண்டும். காரில் ஏறும்போது அதிகாரியம்மா அவளைப் பார்த்து, மேலிடத்துக்கும் எழுதுகிறேன், என் கையில் இருப்பது அவ்வளவுதான் என்றார். நிர்வாகம் பெற்றோருக்குத் தெரிவித்தது: உங்கள் பிள்ளைக்கு நல்ல கை, போட்டிக்காக மாஸ்டர் தனியாகப் பயிற்சி தருகிறார், ஆயா ஒருத்தி அதைத் தப்பாகப் பேசிவிட்டாள். அவளைக் குழந்தைகள் பக்கமே போகாமல் மைதானம் பெருக்கப் போட்டார்கள்.

புதன்கிழமை மத்தியானம், சாப்பாட்டு இடைவேளை. குழாயடியில் சருகு அள்ளிக்கொண்டிருந்தவளைத் தேடிக்கொண்டு அந்தக் குழந்தை வந்தது.

"சொல்லிட்டீங்களா ஆயாம்மா?"

"சொல்லிட்டேன் கண்ணு."

"யார்கிட்ட?"

யாரிடம் என்று சொல்வது? மணி அடித்தது. பதில் வரும் என்று குழந்தை இன்னும் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கலர் பென்சில் டப்பாவை எடுத்துக்கொண்டு டிராயிங் வகுப்புக்குப் படியேறியது.