ஆளில்லாத அறைகளுக்கும் சூடு

ஆளில்லாத அறைக்குச் சூடு போடக்கூடாது என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். ஜேர்மனியில் பீலெஃபெல்டுக்கு வந்த புதிதில் மனைவி தொடங்கிவைத்தது. அறையை விட்டு வரும்போது லைட்டை அணைப்பதுபோல, சுவரில் இருக்கும் ஹைசுங் என்ற சூடேற்றியின் திருகையும் குறைத்துவிட்டு வருவோம். வேலைக்குப் போகும்போது எல்லாவற்றையும் பூச்சியத்துக்குத் திருப்பிவிடுவோம். திரும்பி வந்ததும் ஒன்றை மட்டும் ஐந்துக்கு ஏற்றி, கோட்டைக் கழற்றாமல் அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்போம். கொஞ்ச நேரத்தில் முதுகு சுடும். தேத்தண்ணீர் அதற்குப் பிறகுதான்.

மனைவி இறந்த பிறகு அவளுடைய தையல் அறையை மூடினேன். மகளுக்கு மியூனிக்கில் வேலை கிடைத்த பிறகு அவளுடைய அறையையும் மூடினேன். பிறகு படுக்கையறையும் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. கீழே ஹாலில், சோபாவிலேயே படுக்கத் தொடங்கினேன். ஒரு ஆளுக்கு ஒரு ஹைசுங் போதும்.

போன நத்தாருக்கு முந்தின நத்தாருக்கு, கிறிஸ்துமஸ் விடுமுறையில், மகள் வந்தாள். ஒரு கிழமை, ஏழு நாளும், நிற்பதாகச் சொல்லித்தான் வந்தாள். அன்று காலையில்தான் அவளுடைய அறைக்குச் சூடு போட்டிருந்தேன். பல மாதமாகக் குளிர்ந்து கிடந்த சுவர் ஒரு நாளில் சூடாகுமா? தொப்பி போட்டுக்கொண்டு படுத்தாள். மூன்றாம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு, "வீடு சரியான குளிர் அப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் நில் என்று சொல்லவில்லை. நாங்கள் இருவருமே அதிகம் கதைக்கிறவர்கள் இல்லை. கதைப்பதற்கு அவளுடைய அம்மா இருந்தாள்.

அடுத்த வசந்தத்தில் நிலவறையில் இருந்த பழைய எண்ணெய்க் கொதிகலன் நின்றுபோனது. திருத்த முடியாது என்றார்கள். மகளுக்கு ஃபோன் எடுத்தேன்.

"இனி எண்ணெய் வேண்டாமப்பா. வெர்மபும்ப போடுவம். வெளிக்காத்தில இருக்கிற சூட்டை இழுத்து வீட்டுக்குள்ள கொண்டுவரும்."

"இந்தக் குளிருக்குள்ள எங்க பிள்ளை சூடு?"

"இருக்குதப்பா. அன்ட்ராக் படிவமெல்லாம் நான் நிரப்பி அனுப்புறன். நீங்கள் கையெழுத்தை மட்டும் வையுங்கோ."

"நத்தாருக்கு வருவியே?"

"வீடு சூடா இருந்தா ஒரு கிழமை நிப்பன்" என்று சிரித்தாள். அவள் பகிடிக்குத்தான் சொன்னாள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

இலையுதிர் காலத்தில் வந்து பொருத்தினார்கள். தோட்டத்தில், சமையலறை யன்னலுக்குக் கீழே பெரிய விசிறி வைத்த ஒரு சாம்பல் நிறப் பெட்டி. பொருத்தியவர் எனக்கு முன்னால் நின்று நீண்ட நேரம் விளக்கினார். வேகமான ஜேர்மன். நான் ஒவ்வொரு வசனத்துக்கும் "யா, யா" என்று தலையாட்டினேன். விளங்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்க எனக்கு ஒருநாளும் வாய் வராது.

அவர் போன பிறகு அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொழும்பில் லொட்ஜில் இருந்த காலத்தில், ஏசி பூட்டிய கடைகளுக்குப் பின்னால் இதே மாதிரிப் பெட்டிகள் இருக்கும். அவற்றுக்கு முன்னால் சூடான காற்று அடிக்கும். துவைத்த ஈரச் சாரத்தைப் பிடித்தால் உடனே காய்ந்துவிடும். அந்த நினைப்பில், குளிர் தொடங்கினால் வழக்கமாக உள்ளே தூக்கிவைக்கும் கறிவேப்பிலைச் சட்டியை இந்தமுறை விசிறிக்கு நேரே வைத்தேன். மனைவி வளர்த்த மரம். அதற்கு இனி நல்ல சூடு என்று நினைத்தேன். சில நாட்களில் இலை எல்லாம் கறுத்துக் கொட்டிவிட்டது.

வீடியோவில் மகளுக்குக் காட்டினேன். சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்தினாள்.

"ஐயோ அப்பா, இது ஏசிக்கு மறுவளம்! சூட்டை உள்ளுக்கு எடுத்துப்போட்டுக் குளிரை வெளியில தள்ளும். அம்மான்ர மரத்தைக் கொண்டுபோய்ப் பிரிட்ஜுக்குள்ள வைச்சிருக்கிறீங்கள்." பிறகு திரையை உற்றுப் பார்த்தாள். "ஏனப்பா வீட்டுக்குள்ள ஜாக்கெட் போட்டிருக்கிறீங்கள்?"

"இப்பதான் வெளியில இருந்து வந்தனான்" என்றேன்.

அது பொய். வீடு சூடாகவே இல்லை. வேலையால் வந்து திருகை ஐந்துக்கு ஏற்றி முதுகைச் சாய்த்தால், இளஞ்சூடு மட்டும்தான் இருந்தது. பெட்டி உறுமித் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். பிறகு மறுபடி உறுமும். நான் போர்வையைச் சுற்றிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். பொருத்தியவர்களுக்கு ஃபோன் எடுத்திருக்கலாம். இந்த நாட்டில் அப்படியான ஃபோன்களை எல்லாம் மனைவிதான் எடுத்தாள். அவளுக்குப் பிறகு மகள் எடுத்தாள். இதை மகளிடம் சொன்னால் அவள் வரமாட்டாள்.

நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். அங்கே துப்புரவு வேலைக்கு வரும் அக்கா ஒருவர் யாழ்ப்பாணத்துக்காரர். என்னை அவர் கவனித்திருக்கிறார்.

"என்ன தம்பி, ஒவ்வொரு நாளும் அடுப்பைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்? வீட்டில புது மெசின் பூட்டினதெண்டாய்?"

"சூடு வருதில்லை அக்கா."

"அப்ப அவங்களுக்கு அடிச்சுச் சொல்லன்."

"ஃபோனில ஜேர்மன் கதைக்கவெண்டா எனக்கு நாக்கு ஒட்டிப்போயிடும்."

"பொம்பிளை கேட்கவே போறாய், இவ்வளவு வெட்கப்பட? இந்த நாட்டுக்கு வந்து உருளைக்கிழங்கு உரிக்க மட்டும்தான் பழகினனி. கொண்டா ஃபோனை!"

எண்ணை அழுத்தி என் காதில் வைத்துவிட்டு, நான் வெளியே ஓடாதபடி கதவை மறித்துக்கொண்டு நின்றார். "வீடு குளிர். தயவுசெய்து வாருங்கள்" என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. அக்கா கை தட்டினார்.

வந்தவர் பொருத்திய அதே ஆள். பெட்டியைப் பார்த்தார். ஒரு பிழையும் இல்லை என்றார். பிறகு வீட்டுக்குள் நடந்து, மூடிய கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தார்.

"இங்கே யாரும் இல்லையா?"

"இல்லை."

"இங்கே?"

"இல்லை."

தையல் அறையிலும் அதையே கேட்டார். நான் உள்ளே போய் லைட்டைப் போட்டேன்.

இந்தமுறை அவர் ஆறுதலாக, மெதுவாகப் பேசினார். "பழைய கொதிகலன்போல இது ஒரேயடியாகச் சூட்டைக் கொட்டாது. கொஞ்சம் கொஞ்சமாக, விடாமல் கொடுக்கும். நீங்கள் எல்லா ஹைசுங்கையும் அடைத்துவிட்டு ஒன்றை மட்டும் திறந்திருக்கிறீர்கள். தண்ணீர் ஓட வழியில்லாமல் மெஷின் நின்று நின்று ஓடுகிறது. பக்கத்து அறைகளின் குளிரும் சுவரால் வருகிறது. எல்லாவற்றையும் மூன்றில் வையுங்கள். பிறகு தொடாதீர்கள்."

"ஆளில்லாத அறைக்கும் போடவேண்டுமா?"

"ஆளில்லாத அறைக்கும்தான். வேலைக்குப் போகும்போதும் குறைக்கவேண்டாம். இதையெல்லாம் அன்றைக்கே சொன்னேனே. யா, யா என்றீர்களே."

"யா" என்றேன்.

அவர் போனதும் ஒவ்வொரு அறையாகப் போய்த் திருகுகளை மூன்றில் வைத்தேன். தையல் மெஷின் மேல் தூசி படிந்திருந்தது. துடைத்தேன். பாதி தைத்த தலையணை உறை ஒன்று ஊசிக்குக் கீழே அப்படியே இருந்தது. அதை எடுக்கவில்லை. மொட்டையாகிப்போன கறிவேப்பிலையைத் தூக்கி வந்து அந்த அறை யன்னலில் வைத்தேன். முதல் நாள் ஒரு மாற்றமும் தெரியவில்லை. திருகைக் கூட்டச்சொல்லிக் கை துறுதுறுத்தது. அடுத்த நாட்களில் சுவர்களில் இருந்த ஈரக்குளிர் மெல்ல விட்டுப்போனது. பெட்டியும் நிற்காமல் ஒரே சீராக மூச்சுவிட்டது.

மகள் வந்தாள். வாசலிலேயே கோட்டைக் கழற்றிவிட்டு, "ஆ, அப்பா!" என்றாள். அவ்வளவுதான். சொன்னபடி ஒரு கிழமை நின்றாள். பகலில் கணினியைத் தூக்கிக்கொண்டு தையல் அறையில் போய் இருப்பாள். நான் தேத்தண்ணீர் கொண்டுபோய் வைப்பேன். "டாங்க அப்பா" என்று நன்றி சொல்வாள். நான் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு இறங்கி வருவேன். கனக்கக் கதைத்தோம் என்று சொல்ல முடியாது. ஒருமுறை கறிவேப்பிலைத் தடியை நகத்தால் கீறிப் பார்த்து, "உள்ளுக்குப் பச்சை இருக்கப்பா. எறிஞ்சுபோடாதேங்கோ" என்றாள்.

அவளை ரயில் ஏற்றிவிட்டு நேரே வேலைக்குப் போய், மாலையில் வீட்டுக்கு வந்தேன். வழக்கம்போல் மாடிக்குப் போய் அவளுடைய அறைத் திருகில் கையை வைத்துவிட்டேன். பிறகு கையை எடுத்தேன். கட்டில் விரிப்பு ஒரு பக்கம் சுருங்கிக் கிடந்தது. கதவைத் திறந்தபடி விட்டுவிட்டுக் கீழே இறங்கினேன்.

கோட்டைக் கழற்றி மாட்டினேன். வீடு முழுவதும் ஒரே சூடு. இதற்கு முன் என்றால் சூடான இடம் ஒன்றுதான், நேரே போய் அங்கே நின்றுவிடுவேன். இப்போது எந்த அறையில் போய் இருப்பது என்று தெரியாமல் நடையிலேயே கொஞ்ச நேரம் நின்றேன்.