பன்னிரண்டாவது நிமிடத்தில் அறுகிற லைன்

கடலோர ஊரான எத்தாளையில், எங்கள் ஒழுங்கைக்குள், அந்தச் சின்னத் தெருவுக்குள், யார் வீட்டு இன்டர்நெட் படுத்தாலும் கம்பனிக்குப் போன் எடுப்பதில்லை. றோசா அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். கம்பனிக்கு எடுத்தால் முதலில் பாட்டுப் போடுவார்கள். பாட்டு முடிந்ததும் ஒருத்தி வந்து, ரவுட்டரை நிறுத்திவிட்டுத் திரும்பப் போடுங்கள் என்பாள். அதைச் சொல்ல என் வீட்டுப் பூனையே போதும். றோசா அக்கா ஒரு பிஸ்கட் டின்னோடு வருவார். அதற்குள் வயரைச் சீவ ஒரு சின்னக் கத்தி, வயரின் முனையில் பிளக்கை நசுக்கிப் பூட்டுகிற குறடு, ஒரு பை நிறையப் புதுப் பிளக்குகள், ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ் எல்லாம் இருக்கும்.

அவருக்கு ஐம்பத்தொரு வயது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். கருவாடு போட்டு விற்றவர், இப்போதும் விற்கிறார். கணவர் கில்பட் அண்ணன் கடலுக்குப் போகிறவர். நான் பக்கத்து வீடு, இடையில் ஒரு வேலிதான். கல்யாணம் கட்டி இந்த ஊருக்கு வந்து பதினாறு வருஷமாகப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். எனக்குப் பொறுமை இல்லை என்று என் மாணவர்களைக் கேட்டால் சொல்வார்கள். றோசா அக்காவிடம் பொறுமை அளவுக்கு மிஞ்சிக் கிடந்தது. அதைப் பார்க்க எனக்குச் சிலவேளை எரிச்சலாகவே வரும்.

அவர் இந்த வேலையைப் படித்தது மகளுக்காக. ஒரே மகள் டிலுக்ஷி இத்தாலியில் ஒரு படுக்கை நோயாளியைப் பராமரிக்கிறாள். போய் ஏழு வருஷம். அங்கே தங்குவதற்கான அவளுடைய கடதாசி இன்னும் சரிவரவில்லை. கடதாசி இல்லாமல் அந்த நாட்டை விட்டு வெளியே வந்தால் திரும்பப் போக முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில், பூசைக்குப் போய்வந்து, பின்னேரம் நாலு மணிக்கு றோசா அக்கா உள்ளறையில் மாதா படத்துக்குக் கீழே இருக்கும் கொம்பியூட்டருக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு உட்காருவார். மகளின் முகம் வரும். பன்னிரண்டு நிமிடம் இருக்கும். பிறகு, "அம்மா, லைன் அறுகுது" என்று அவள் சொல்வாள். முகம் போய்விடும்.

பதின்மூன்றாவது நிமிடமும் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதுதான் றோசா அக்காவின் ஒரே ஆசை. வீடு, நகை, கோயில் திருநாள் எதைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பார்.

முதலில் கம்பனியிலிருந்து ஒருவர் வந்தார். முன்னறையில் இருந்த ரவுட்டரைப் பார்த்தார், தன் போனில் ஏதோ அளந்தார். "எங்கட பக்கம் சரி. இதுக்கு அங்கால போற வயர் உங்கட" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் றோசா அக்கா அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு வந்து, ரவுட்டருக்குப் பக்கத்திலேயே ஒரு குட்டை வயரால் கொழுவி வேகத்தைப் பார்க்கச் சொன்னார். நான் பார்த்தேன். தொண்ணூற்று நாலு. உள்ளறைக்குக் கொண்டுபோய்ப் பழைய இடத்தில் கொழுவினால் ஏழு, சிலவேளை ஆறு.

"இங்கயிருந்து அங்க போறதுக்குள்ள எங்கயோ சிந்துது டீச்சர்," என்றார்.

அந்த வயரை இழுத்தவர் கில்பட் அண்ணன். சுவரில் துளை போட மனமில்லாமல், முன் ஜன்னலால் வெளியே எடுத்து, கூரை விளிம்புக்குக் கீழே வீட்டைச் சுற்றிக் கொண்டுபோய், பின் ஜன்னலால் உள்ளே விட்டிருந்தார். காற்றில் ஆடக்கூடாது என்று முழத்துக்கு ஒரு முடிச்சு. வலைக்கார மனிதர் அல்லவா, போட்டது நைலோன் நூலால் வள்ளத்தில் போடுகிற முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். நாங்கள் ஏணி வைத்து ஒவ்வொன்றாக வெட்டிப் பார்த்தோம். நாலாவது முடிச்சுக்குக் கீழே வயரின் தோல் நசுங்கி, உள்ளே இருந்த கம்பிகள் நெளிந்து வெளியே தெரிந்தன.

அதோடு முடியவில்லை. பின் ஜன்னல் பக்கத்துப் பிளக்கைக் கழற்றினால் விரலெல்லாம் கறுப்பு. பிளக்குக்குள் எஞ்சினுக்குப் பூசுகிற கிறீஸ், கிறீஸுக்குள் கடல் மணல்.

"ஏன் அண்ணன் இப்பிடிச் செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"உப்புக்காத்து டீச்சர். கிறீஸ் பூசாட்டி ஒரு மாசத்தில துரு தின்னிடும்," என்றார் கில்பட் அண்ணன். அவர் வீட்டில் பூட்டு, சைக்கிள் செயின், வாசல் படலைக் கொளுக்கி எல்லாவற்றுக்கும் கிறீஸ் உண்டு. மகளின் முகம் வருகிற வழி என்று இதற்கு இரண்டு தடவை பூசியிருக்கிறார். பாவம், அவரை ஏசவும் முடியவில்லை.

றோசா அக்கா மதுரங்குளிக்குப் பஸ் ஏறிப் போய் அஃப்ராஸின் கொம்பியூட்டர் கடையில் புது வயரும் குறடும் வாங்கிவந்தார். உள்ளே இருக்கும் எட்டுக் கம்பிகளையும் எந்த வரிசையில் அடுக்க வேண்டும் என்று அஃப்ராஸ் ஒரு கலண்டர்த் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார். வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைக் கபிலம், கபிலம். பச்சைக்குப் பக்கத்தில் பச்சையை வைப்பதுதானே நியாயம் என்று முதல் தடவை றோசா அக்கா தன் விருப்பத்துக்கு அடுக்கினார், வேலை செய்யவில்லை. இரண்டாம் தடவை செபமாலை சொல்கிற குரலில் தாளைப் பார்த்துச் சொல்லிச் சொல்லி அடுக்கினார். கொழுவியதும் பச்சை விளக்கு எரிந்தது. உள்ளறையிலும் தொண்ணூற்று நாலு.

அந்த ஞாயிறு எங்கள் ஒழுங்கைக்கே திருநாள். றோசா அக்கா புதுச் சட்டை உடுத்தியிருந்தார். நானும் போய்க் கதவருகே நின்றேன். டிலுக்ஷியின் முகம் கண்ணாடி போலத் தெளிவாக வந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையம்கூடத் தெரிந்தது. என்ன சாப்பிட்டாய், குளிரா, அப்பாவுக்கு முழங்கால் எப்படி என்று கதை போனது. பன்னிரண்டாவது நிமிடம், "அம்மா, லைன் அறுகுது," என்றாள். முகம் போய்விட்டது.

அதன் பிறகுதான் றோசா அக்கா முழுமூச்சாக இறங்கினார். கரண்ட் வயரோடு சேர்ந்து போனால் கெடும் என்று யாரோ சொல்ல, வயரை ஒரு முழம் தள்ளிப் பூட்டினார். ரவுட்டரைத் திறந்து எறும்புக் கூட்டைப் பிரஷால் தட்டினார். வயர் கொழுவுகிற வாயை மாற்றிப் பார்த்தார். ஒரு மாற்றம், ஒரு ஞாயிறு. ஒரே நாளில் இரண்டை மாற்றினால் எது பிழை என்று தெரியாது என்பார். இப்படி எட்டு மாதம். ஒழுங்கையில் உள்ளவர்கள் இதைப் பார்த்துத் தங்கள் வீடுகளுக்கும் கூப்பிடத் தொடங்கினார்கள். பிறகு பக்கத்து ஊரான குறிஞ்சிப்பிட்டியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் பத்து நிமிடத்தில் பிழையைக் கண்டுபிடித்தார். தன் வீட்டில் மட்டும் பன்னிரண்டாவது நிமிடம் அப்படியே இருந்தது.

ஒருநாள் ஒழுங்கையின் கடைசியில் இருக்கும் நிஸ்மியா வீட்டுக்கு நானும் கூடப் போனேன். நிஸ்மியாவின் கணவன் கட்டாரில் வேலை. அங்கேயும் கதைக்கும்போது அறுகிறதாம். றோசா அக்கா வயரைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், எல்லாம் சரி.

"அறுகேக்க முகம் எப்பிடிப் போகும்?" என்று கேட்டார்.

"பட்டெண்டு மூடும்," என்றாள் நிஸ்மியா.

"லைன் போனா முகம் உறைஞ்சு நிக்கும் பிள்ளை. வட்டம் சுத்தும். திரும்ப எடுக்கப் பார்க்கும். பட்டெண்டு மூடினா அது கையால வெட்டுறது. உன்ட மனிசனைக் கேள்."

நிஸ்மியா கேட்டாள். அடுத்த நாள் காலை அவள் கேட்ட கேள்விகள் எங்கள் ஒழுங்கை முழுவதற்கும் கேட்டன. நான் சிரித்துக்கொண்டே மா இடித்தேன். இடிக்கும்போதே சிரிப்பு நின்றுவிட்டது. டிலுக்ஷியின் முகமும் பட்டென்றுதான் மூடும். நானே பார்த்திருக்கிறேன்.

என்னால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியாது. அன்றைக்கே வேலியோரம் நின்று சொல்லிவிட்டேன்.

"அக்கா, உங்கட லைனில ஒரு பிழையும் இல்ல. அவதான் வெட்டுறா."

றோசா அக்கா கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"தெரியும் டீச்சர்."

"எப்பயிருந்து?"

"புது வயர் போட்ட அந்த ஞாயிறே."

"அப்ப ஏன் இவ்வளவு காலமா ஏணியில ஏறி இறங்கினீங்க?" என் குரல் உயர்ந்துவிட்டது.

"லைனில பிழை எண்டு வைச்சுக்கொண்டா எனக்குச் செய்ய ஒரு வேலை இருக்குது," என்றார். "பிள்ளைக்கு என்னோட கதைக்க விருப்பமில்ல எண்டா நான் எதைக் கழட்டிப் பார்க்கிறது?"

ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த மனுஷி அங்கே உப்புக் கையோடு அழுதார். எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த வாயை எத்தனை தரம் அடக்கச் சொல்லியிருக்கிறார் என் அம்மா.

சனிக்கிழமை அவரே வந்தார். "நாளைக்குக் கேக்கப் போறன். நீங்க பக்கத்தில இருங்க. தனியக் கேக்க எனக்குத் தைரியமில்ல," என்றார்.

ஞாயிறு நாலு மணி. நான் கட்டிலில், கமெராவில் படாதபடி உட்கார்ந்திருந்தேன். கில்பட் அண்ணன் வாசலில் நின்றார். டிலுக்ஷி வந்தாள். சாப்பாடு, குளிர், முழங்கால். பதினோராவது நிமிடத்தில் அவள் பார்வை பக்கத்துக்குத் திரும்பியது. உதடு ஒருமாதிரிப் போனது.

"அம்மா, லைன்..."

"லைன் நல்லா இருக்குது மகள்," என்றார் றோசா அக்கா. "எல்லாம் நான் பார்த்திட்டன். வெட்டாத. என்னில கோவமெண்டா கோவமெண்டு சொல்லு."

டிலுக்ஷியின் முகம் அசையாமல் நின்றதைப் பார்த்து உண்மையிலேயே லைன் போய்விட்டதோ என்று நான் பயந்தேன். பிறகு அவளுடைய தோள் குலுங்கியது.

"கோவமில்ல அம்மா. உங்கட முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தா எனக்கு அழுகை வந்திடும். நான் அழுதா நீங்க வா எண்டு சொல்லுவீங்க. நீங்க சொன்னா நான் எல்லாத்தையும் போட்டிட்டு வந்திடுவன். அதுதான் வெட்டிறனான்."

றோசா அக்கா முந்தானை இல்லாத சட்டையின் கையால் முகத்தைத் துடைத்தார். "நான் சொல்ல மாட்டன். ஏழு வருசமா வாய்க்குள்ள வைச்சிருக்கிறன், சொல்லேல்ல. இனியும் சொல்ல மாட்டன். நீ அழு. நான் பார்த்துக்கொண்டிருக்கிறன்."

அவள் அழுதாள். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பதின்மூன்றாவது நிமிடம் போனது, இருபதாவது நிமிடமும் போனது. என் கை சும்மா இருக்க முடியாமல் கட்டில் விரிப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தது.

அழுது ஓய்ந்த பிறகு டிலுக்ஷி மூக்கைச் சிந்திவிட்டு மெல்லக் கூப்பிட்டாள்.

"அம்மா."

"என்ன மகள்?"

"ஒருக்கா சொல்லுங்களன். நான் வரமாட்டன், இப்ப வரேலாது எண்டு எனக்குத் தெரியும். ஆனா ஒருத்தரும் என்னை வா எண்டு சொல்லி ஏழு வருசம்."

றோசா அக்கா திரும்பிக் கணவரைப் பார்த்தார். கில்பட் அண்ணன் தலையை ஆட்டினார். றோசா அக்கா திரும்பவும் திரையைப் பார்த்து, இரண்டு கையாலும் அதன் ஓரங்களைப் பிடித்துக்கொண்டார்.

"வா மகள்," என்றார். "வா. வீட்டுக்கு வா."