புளி போட்டுத் துலக்கிய மீன்

புளியும் அடுப்புச் சாம்பலும் கலந்த வாடை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்கு ஒரு மீன்தான் நினைவுக்கு வருகிறது. பொங்கலுக்கு முதல் நாள் ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு வாசலில் பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்குவது என் வேலை. அப்போது எனக்கு எட்டு வயது.

கண்டியில் விடுதியில் தங்கிப் படித்த அண்ணன், தன் நாட்டுக்குத் திரும்பிப்போன வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் கொடுத்ததென்று, உள்ளங்கையளவு சுண்ணாம்புக் கல் ஒன்றைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். குடைக்கம்பிகளைப்போல விரிந்த செட்டைகளும் ஓடு வேய்ந்தாற்போல நெருங்கிய செதில்களுமாக அதில் பழுப்பு நிறத்தில் ஒரு மீன் படிந்திருந்தது. மனிதன் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னால் நீந்தியது, இப்போது வம்சமே இல்லை என்று அண்ணன் சொன்னதெல்லாம் என் மண்டையில் ஏறவில்லை. "உசுரோட இருந்தப்ப பித்தள மாதிரி மினுங்கியிருக்கும் பாப்பா" என்றது மட்டும் ஏறிவிட்டது. பொங்கல் கழிந்ததும் 'இஸ்கூல்' கண்காட்சியில் அதை வைக்கப்போவதாகவும் சொல்லியிருந்தார்.

பித்தளை என்றால் புளிதானே? விளக்கோடு மீனையும் புளியில் ஊறவைத்து, தேங்காய்த் தும்பால் மூச்சைப் பிடித்துக்கொண்டு தேய்த்தேன். கல் வெளுத்தது. அழுக்குப் போய்விட்டது, காய்ந்தால் மினுங்கும் என்று வெயிலில் வைத்தேன்.

அண்ணன் வந்து அதைக் கையில் எடுத்தார். வெயிலில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அடேயப்பா, நல்லா மினுங்குது பாப்பா" என்று என் தலையைத் தடவிவிட்டுத் தேயிலைப் பக்கம் போனவர், பொழுது சாயத்தான் திரும்பினார். கண்காட்சிக்கு வெறுங்கையோடு போனார். எனக்கோ பெருமை பிடிபடவில்லை.

ஒன்பதாம் வகுப்பில், கல்லில் படிந்த உயிர்ச்சுவடுகளைப் பற்றிய பாடம் நடந்த அன்றுதான், புளி சுண்ணாம்புக் கல்லை அரித்துவிடும், மீனையே தேய்த்து அழித்துவிட்டேன் என்று புரிந்தது. மேசையில் தலை கவிழ்த்து அழுதேன். அதன்பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் அண்ணனிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று போவேன். அவருடைய சிரித்த முகத்தைக் கண்டதும் அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன். அப்படியே முப்பது வருடம் ஓடிவிட்டது.

போன ஆண்டு அண்ணன் காலமானார். கருமாதி முடிந்து பிலிமத்தலாவையில் அவருடைய வீட்டு அலுமாரியை ஒதுக்கியபோது, அதே துண்டில் சுற்றியபடி கல் கிடைத்தது. "யாரையும் தொட விடமாட்டாரு. கேட்டா, 'என் தங்கச்சி வெளக்கித் தந்தது'ன்னு சொல்லுவாரு" என்றார் அண்ணி.

இப்போது கல் என் வீட்டில் இருக்கிறது. ஓரத்தில், புளி படாமல் தப்பிய வால் நுனி மட்டும் தெரிகிறது. இந்தப் பொங்கலுக்கு விளக்கைத் துலக்கக் கை வரவில்லை. கல்லை மடியில் வைத்துக்கொண்டு, "மன்னிச்சிருங்கண்ணே" என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கத்தான் ஆள் இல்லை.