மாதிரி

வலிப்பு ஆய்வகத்தில் ரத்த மாதிரிகளுக்கு லேபிள் ஒட்டுவது அவள் வேலை. வலிப்பு வந்ததும் மூளை அழற்சியால் ரத்தத்தில் கூடும் மைக்ரோஆர்என்ஏ என்ற நுண்துணுக்கை அங்கே தேடினார்கள். தனக்கும் வலிப்பு உண்டென்பதை ஒன்பது வருடம் மறைத்திருந்தாள். தெரிந்தால் வேலை போய்விடும்.

நேற்று மேசையடியில் வலிப்பு வந்து விழுந்தாள். அவள் தெளிந்ததும் ஆய்வகத்தை நடத்தும் பேராசிரியர் ஓடிவந்தார்.

"சூட்டோட சூடா எடுத்தா இந்த ரத்தம் தங்கம். குடுக்கிறியாம்மா?"

கையை நீட்டினாள். லேபிளையும் அவளே ஒட்டினாள்.

இன்று அவரே கூப்பிட்டார்.

"உன்ன மாதிரி ஆளுங்கள இங்க வச்சுக்க முடியாதும்மா. எல்லாம் கண்ணாடிச் சாமான்."

"என் மாதிரிய மட்டும் வச்சுக்கலாமா சார்?"

வலிப்பைப் பற்றி இருபது கட்டுரை எழுதியவர் பணிநீக்கக் கடிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் ரத்தம் உறைபெட்டியில் பத்திரமாக இருந்தது. அவள் பேருந்து நிறுத்தத்தில் நின்றாள்.